செவ்வாயிலிருந்து வந்த சூரன்

ஒலிபெருக்கியின் தகரக் குழாயை எங்கள் கோயில் முன்னால் நின்ற பனையில் கட்டியிருந்தார்கள். ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த குழாய். தூத்துக்குடியிலிருந்து மாட்டு வண்டியில், வைக்கோலுக்குள் பொதிந்து, பேட்டரியோடு வந்து இறங்கியது. அதை நினைத்தாலே எனக்கு என் மதினியின் குரல்தான் காதில் விழுகிறது. மதினி என்றால் மூத்த அண்ணன் பெண்டாட்டி. அடுப்படியைத் தாண்டிக் கேட்காத குரல் அவளுக்கு. அண்ணன் கடையிலிருந்து வந்தால், சாப்பிடுகிறீர்களா என்று வாயால் கேட்க மாட்டாள். வட்டிலை எடுத்து வைக்கும் சத்தத்தில்தான் கேட்பாள்.

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் அது. எங்கள் ஊர் ஆத்தூருக்குக் கிழக்கே, ஒரு பக்கம் பனை, மறு பக்கம் கடல். கடற்கரை நெடுக இருட்டடிப்பு. பொழுது அடைந்தால் வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாது. ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. ஆறாம் நாள் சூரசம்ஹார நாடகம் போடாமல் ஒரு வருஷமும் எங்கள் ஊர் இருந்ததில்லை. பகலெல்லாம் வேலையில் கிடக்கிற சனம் பொழுது அடைந்துதான் கூட முடியும். விளக்கில்லாமல் என்ன நாடகம், இந்த வருஷம் விட்டுவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். கருப்பட்டிக் கடை வைத்திருந்த என் அண்ணன் எழுந்து, “பாக்கத்தானவே கூடாது? கேக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?” என்றார்.

அப்படித்தான் எங்கள் ஊரில் காதால் மட்டும் கேட்கிற நாடகம் வந்தது. இருட்டடிப்பைக் கவனிக்கும் வார்டன் ஐயாவிடம் அண்ணன் போய் நின்றார். அவர் கண்டிப்பானவர். “ஒரு வெளிச்சம் தெரிஞ்சாலும் திருவிழாக் கொடியை எறக்கிருவேன். யுத்தம் முடியிற மட்டும் உங்க ஊர்ல திருவிழா கிடையாது. கையெழுத்துப் போடுத உம்மை உள்ள வைப்பேன், பாத்துக்கிடும்” என்றார். அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வந்தவர் சாப்பிடவில்லை. மதினியும் அன்று சாப்பிடவில்லை.

கதையையும் அண்ணனே கட்டினார். செவ்வாய்க் கிரகத்தில் வாய்க்கால்கள் இருக்கின்றன, ஆட்கள்கூட இருக்கலாம் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். திருச்செந்தூரில் தோற்ற சூரன் படையில் கொஞ்சம் பேர் தப்பிச் செவ்வாய்க்குப் போய், யுகக்கணக்கில் அங்கே ஒளிந்திருந்து, யந்திரம் செய்யப் படித்து, இரும்புக் கொசு மாதிரி ஒரு வாகனத்தில் பறந்து வந்து, கடலோரத்தில் சும்மா கிடக்கிற ஒரு சின்ன ஊரைச் சுற்றி வளைக்கிறார்கள். இதுதான் நாடகம். ஒத்திகையில் ஒருவர், “செவ்வாய் நம்ம முருகனுக்குள்ள கிரகம்லா அண்ணாச்சி, அங்கன போயா சூரன் ஒளிவான்?” என்று மடக்கினார். “போலீஸ் ஸ்டேஷன் பின்னால ஒளிஞ்சா எவம்லே தேடுவான்?” என்றார் அண்ணன்.

சூரனுக்கு அண்ணன் குரல். முருகனுக்குக் கடைக் கணக்குப்பிள்ளை; ஆறு நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருப்பவர். மேடை இல்லை, வேஷம் இல்லை, யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் சத்தம் கொடுக்கப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் துளை போட்டு, நனைத்த கயிற்றைக் கோத்து இழுத்தால் ஆகாய விமானம் மாதிரி உறுமும். அதுதான் செவ்வாய் வாகனம். மதினி தகரத்தைப் பிடித்துக்கொள்வாள், நான் கயிற்றை இழுப்பேன். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். உள்ளங்கை தோல் உரிந்ததைப் பார்த்து அம்மா திட்டினாள்.

ஆறாம் நாள் ராத்திரி மேகம் பிறையை மூடியிருந்தது. ஓலைத் தட்டிக்குப் பின்னால் நாங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் இருந்த சின்னச் சிவப்பு வெளிச்சம்கூடத் தெரியாதபடி மேலே பெரிய ஓலைப்பெட்டியைக் கவிழ்த்தாயிற்று. வருகிறவர்களிடம் பீடி, சுருட்டு, லாந்தர் எல்லாவற்றையும் அண்ணன் வாங்கி வைத்துவிட்டார். நாடகம் தொடங்கியது. நாங்கள் கயிற்றை இழுத்ததும் பிள்ளைகள் வீறிட்டு அழுதன. ஆண்பிள்ளைகளே வானத்தைப் பார்த்தார்களாம். ஜப்பான்காரன் வருவான் என்று மாதக்கணக்கில் பயந்து கிடந்த சனம் அல்லவா? அப்போதுதான் கணக்குப்பிள்ளை குழாயில், “பயம் வேண்டாம். நான் வந்துவிட்டேன்” என்றார்.

அவ்வளவுதான். “முருகா!” என்று ஊரே எழுந்தது. தட்டியின் கீற்று இடுக்கில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பத்து. மடியில் சூடமும் தீப்பெட்டியும் இல்லாமல் எங்கள் ஊரில் எந்தப் பெண் சஷ்டிக்கு வருவாள்? பீடியை வாங்கி வைத்த அண்ணனுக்குச் சூடம் நினைப்பில் வரவில்லை. யாருக்குமே வரவில்லை. சூடத்தை வெளிச்சம் என்றா நினைப்போம்? அது சாமிக்கு உள்ளது.

அண்ணன் கணக்குப்பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினார். “அமத்தச் சொல்லும்வே, நீருதான முருகன்!” கணக்குப்பிள்ளை கைகூப்பிக்கொண்டு அழுதார். “கும்பிடுதவங்களைப் பாத்து, சாமி வாயால எப்படி முதலாளி சொல்ல? என்னால ஆவாது.” அண்ணன் தானே குழாயில், “தீயை அமத்துங்க!” என்று கத்தினார். வெளியே ஒருவன், “சூரனுக்குப் பயம் வந்துட்டுடே! ஏத்துங்க, இன்னும் ஏத்துங்க!” என்றான். வெளிச்சம் இரட்டியானது. “ஏலே, விளையாட்டு இல்லலே, நான் கருப்பட்டிக் கடைக்காரன் பேசுதேன்!” என்று அண்ணன் தன் சொந்தக் குரலில் கெஞ்சினார். “பாத்தீங்களா மாயத்தை! கடைக்கார அண்ணாச்சி குரல்லயே பேசுதான், நம்பாதிங்க!” என்று ஒரு கிழவர் எச்சரித்தார். சிரிக்கிற நேரமா அது? கடல் பக்கமிருந்து பார்த்தால் ஊர் தீப்பிடித்த மாதிரி இருந்திருக்கும்.

மதினி தகரத்தைக் கீழே வைத்தாள். “நான் சொல்லுதேன்.”

“நீயா?” என்றார் அண்ணன்.

“உங்க சொல்லை எவன் கேப்பான்? நீங்க சூரன்.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்குக்கு முன்னால் போனாள்.

“மக்கா, நான் முருகனுக்கு ஆத்தா பேசுதேன்.”

வெளியே சட்டென்று அடங்கியது.

“எம்பிள்ளை ஒத்தையில சண்டைக்கு வந்து நிக்கான். எதிரி மேலருந்து தேடுதான். நீங்க வெளிச்சம் காட்டுனா எம்பிள்ளை நிக்குத எடம் அவனுக்குத் தெரிஞ்சிரும்லா? நீங்க காட்டுன சூடம் அவனுக்கு வந்து சேந்துட்டு. வாயால ஊத வேண்டாம். கண்ணுல ஒத்திக்கிட்டு, மண்ணை அள்ளிப் போட்டுக் குளுர வையிங்க. என் ராசாமாருல்லா.”

ஒவ்வொன்றாகக் குளிர்ந்தது. கடைசி வெளிச்சம் போனபோது இருட்டும் சூட வாசமும்தான் மிச்சம். பெற்றவள் சொன்னால் பிள்ளைக்காக யாரும் கேட்பார்கள் என்பது எங்களில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. முருகன் அவளுக்குத் தோன்ற வைத்தான் என்றே இன்றும் நம்புகிறேன்.

வார்டன் ஐயா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். நொண்டி நொண்டி வந்தார். “யாரு அது பேசுனது?” என்றார். அண்ணன் முன்னால் போய், “ஐயா, கையெழுத்துப் போட்டது நான்” என்றார். அதற்குள் தட்டிக்குப் பின்னாலிருந்து, “பேசுனது நாந்தான்” என்று மதினி சொன்னாள்.

“ஆத்தூர் ரோட்டுலயே வெளிச்சம் தெரிஞ்சுது. கொடியை எறக்கணும்னுதான் மிதிச்சு வந்தேன்” என்றார் வார்டன். சைக்கிளைப் பனையில் சாய்த்து வைத்தார். “அந்த ஆத்தா பேசுனது காதுல விழுந்ததும் என்னை அறியாம, கருப்புத் துணி சுத்துன என் சைக்கிள் லாம்பைக்கூட அமத்திட்டேன். இருட்டுல உங்க ஊர் வேலியில விழுந்து முட்டி பேந்துட்டு. சரி, சூரனை எப்பக் கொல்லப் போறீங்க? உக்காந்து கேட்டுட்டுப் போறேன்.”

கொடி இறங்கவில்லை. அண்ணன் அன்றைக்குச் செத்த மாதிரி எந்தச் சூரனும் சந்தோஷமாகச் செத்திருக்க மாட்டான்.

மறுநாள் கடையில் ஒருவர், வீட்டுப் பொம்பளை குரல் தெருவில் கேட்கலாமா என்று இழுத்தாராம். “உங்க வீட்டுச் சூடத்தையும் அவதாம்வே அமத்துனா” என்று அண்ணன் முடித்துவிட்டார். அடுத்த சஷ்டிக்கு ஆத்தாவுக்கென்று இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்து நீட்டினார். மதினி வாங்கவில்லை. “எழுதுனதெல்லாம் எனக்கு வராது. அன்னைக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லுதேன்” என்றாள். அப்படியே பல வருஷம் சொன்னாள்.

யுத்தம் முடிந்து, கரண்டு வந்து, இப்போது சம்ஹாரத்துக்குக் கலர் கலராக விளக்குப் போடுகிறார்கள். மதினியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்தப் பேச்சை இப்போது அவள் மருமகள் பேசுகிறாள். அவள் எழுந்து நின்றதும் விளக்குகளை அமர்த்திவிடுவார்கள். “மக்கா” என்று அவள் தொடங்கும்போது அவ்வளவு கூட்டத்திலும் ஒரு சூடம் எரியாது. யாரும் சொல்லி வைத்ததில்லை.