சங்கு ஊதினார்கள்

சரவணம்பட்டியில் ஒரு சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். டிவியில் குத்துச்சண்டைப் படம். பார்க்கத் தலையைத் திருப்பினேன், கத்தி கன்னத்தைக் கீறியது.

"ஆடாதீங்ண்ணா" என்று பஞ்சை வைத்து அமுக்கினான் சலூன்காரத் தம்பி. "நல்ல படமுங்ண்ணா. மில்லு மூடிச் சோறில்லாத பையன் ஜெயிக்கிறானுங்க. பாத்திருக்கீங்ளா?"

பார்த்ததில்லை. ஆனால் அதில் நான் இருக்கிறேன், பார்த்தவர்கள் சொன்னார்கள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன வேஷம் என்று கேட்பான்.

படத்தில் நாயகன் பஞ்சுப் பொதியைக் குத்திக் குத்திப் பழகுகிறான். எவன் சொன்னான் இவர்களுக்கு? மில்லுக்கு வரும் பொதி இறுக்கிக் கட்டியது, கருங்கல் மாதிரி இருக்கும். பந்தயம் கட்டி ஒருமுறை குத்திவிட்டு, ஒரு வாரம் இடது கையால் சாப்பிட்டவன் நான். பந்தயம் பழனிசாமி அண்ணனோடு. பக்கத்து வீட்டுக்காரர், ஸ்பின்னிங்கில் எனக்குச் சீனியர். சிரிக்கவே மாட்டார். என் வீங்கின கையைப் பார்த்தும் சிரிக்கவில்லை. "புத்தி வந்துச்சா?" என்றதோடு சரி.

பிறகு மில்லைப் பூட்டினார்கள். பதினோரு மாதம் காத்திருந்துவிட்டு அண்ணன் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் வேலை பிடித்தார். திங்கட்கிழமை காலையில் வந்து நிற்காவிட்டால் வேறு ஆள் என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை பையோடு வாசலில் இறங்கினார். ஷிப்டுக்குக் கூப்பிடும் மில் சங்கு ஊதியது.

தெருவே கிளம்பியது. நான் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, சோறே இல்லாத தூக்குப்போசியோடு ஓடினேன்.

"ஏனுங்க, ஈரோட்டு பஸ் போயிருமுங்க!" அண்ணனின் மனைவி கத்தினார்.

"போனாப் போவுது புள்ள! மில்லு தொறந்துபோட்டாங்க!" பையை அங்கேயே எறிந்துவிட்டு அண்ணன் என்னை முந்திக்கொண்டு ஓடினார்.

கேட் திறந்துதான் இருந்தது. உள்ளே வேன்கள், பெரிய விளக்குகள், வெளியூர் ஆட்கள். வாட்ச்மேன் குறுக்கே நின்றார். "சினிமாக்காரங்க வந்திருக்காங்க. மில்லு தொறக்கலீங்க. ஊட்டுக்குப் போங்க சாமி." எங்கள் ஊரில் வயிற்றில் அடித்தாலும் மரியாதையாகத்தான் அடிப்பார்கள்.

தொப்பிக்காரன் ஒருவன் வந்தான். சங்கு வேலை செய்கிறதா என்று சும்மா ஊதிப் பார்த்தார்களாம். நாங்கள் ஓடி வருவோம் என்று தெரியாதாம்.

கேட் தூணுக்கு மேல் கேமரா இருந்தது. "அது எதுக்குங்க தெருவைப் பாத்து நிக்குது?" என்றேன்.

"அதுவா, சும்மா வெச்சிருக்கோம்."

நான் நம்பவில்லை. அண்ணன் நம்பினார். "அவங்களுக்கென்ன தெரியும், உடுடா" என்றார். மறுநாள் ஈரோடு போனார். மண்டியில் வேறு ஆள் மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் மதுக்கரைப் பக்கம் மூட்டை தூக்கி, முதுகு போய், கடைசிவரை நிமிரவில்லை.

சலூன் டிவியில் கடைசிச் சண்டைக்கு நேரம் வந்தது. நாயகனைப் பார்க்க ஊரே ஓடி வரும் காட்சி. முதலில் காலித் தெரு. ஒரு ஆள், ஒரு நாய் கிடையாது. அப்புறம்தான் சங்கு ஊதுகிறது. வெட்டே இல்லாமல் அதே ஷாட்டில் முக்கில் அண்ணன் திரும்புகிறார், பின்னால் தூக்குப்போசியோடு நான். சும்மா ஊதிப் பார்த்தவனுக்குக் காலித் தெருவை முன்கூட்டியே படம் பிடிக்க என்னடா வேலை?

"என்னமா நடிச்சிருக்காங்க பாருங்ண்ணா" என்றான் தம்பி.

அண்ணன் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு ஓடி வருகிறார். அன்றைக்கு அவர் முதுகைத்தான் நான் பார்த்தேன். இப்போது மில் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். சங்கு பழைய இரும்புக்குப் போய்விட்டது. அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.