கெட்டி மேளத்துக்கு ஒரு பிஸ்கட் டின்

மலாயாவுக்கு மெர்டேக்கா வந்த ஆவணியில்தான் சித்தியின் கல்யாணமும் வந்தது. மலாக்காவில் நாதஸ்வரம் வாசிக்கத் தெரிந்தவர்களையெல்லாம் சுதந்திர ஊர்வலத்துக்குப் பேசிவிட்டார்கள். மேளம் இல்லாமல் தாலி கட்டுவதா என்று தாத்தா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மாமா ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்; அந்தத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது ஒரு டேப் ரெக்கார்டரை அவரிடம் விட்டுப் போயிருந்தார். வீட்டிலேயே மேளத்தைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் விடலாம் என்றார் மாமா.

துரை கொடுத்தது மாமாவுக்கு. அதை இயக்கத் தெரிந்தது சித்திக்கு.

காஜா பேராங் தெருவிலிருந்த எங்கள் வீட்டில் கூடம் முழுக்க ஆட்கள், மைக் ஒன்றே ஒன்று. எந்தச் சத்தம் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சித்தி தீர்மானித்தாள். நாதஸ்வரத்துக்குப் பதில் அப்பாவின் ஹார்மோனியம். தவிலுக்குப் பதில் பிஸ்கட் டின், அதைத் தட்ட நான். டின் மற்றதையெல்லாம் முழுங்கிவிடுகிறது என்று என்னை அடுப்படி வாசல்வரை தள்ளினாள். உள்ளே பழைய சேலையைத் திணித்ததும் அது ஏறக்குறையத் தவிலாகவே ஆகிவிட்டது. எனக்கோ தவில் வித்வான் என்ற நினைப்பே வந்துவிட்டது. மைக்குக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டு பிடில்காரர். மலாக்கா செட்டிக் குடும்பம். நெற்றியில் பட்டை பளபளக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான்.

சேவல் கூவினால் சித்தி அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். மாமா இருமினாலும் அப்படித்தான். ஒருவழியாகக் கெட்டி மேளம் நன்றாக வந்து முடிந்தபோது பிடிலில் ஒரு கம்பி அறுந்தது.

"அலாமாக், தாலி புத்துஸ்" என்றார் பிடில்காரர்.

எல்லோரும் சிரித்தோம். அந்தக் கடைசித் துண்டை அழித்துவிடுகிறேன் என்றாள் சித்தி.

மாப்பிள்ளை வீட்டார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். கல்யாணம் முடிந்ததும் சித்தியையும் கூட்டிப்போவதாகப் பேச்சு. அதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

முகூர்த்தத்தில் மாமா அவசரப்பட்டுப் பொத்தானை முன்னதாகவே அமுக்கிவிட்டார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பதற்குள் மேளம் முடிந்துபோனது. அடுத்து, கோயில் மண்டபம் அதிர, "தாலி புத்துஸ்" என்றது ஒலிபெருக்கி.

மாப்பிள்ளையின் தாயாருக்கு முதல் சொல் நன்றாகப் புரிந்தது. இரண்டாவது சொல்லுக்குப் பக்கத்திலிருந்த பந்தல்காரரிடம் அர்த்தம் கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் நல்ல மனிதர் அவர். அறுந்துபோச்சு என்று அர்த்தம் என்றார்.

அந்த அம்மாள் எழுந்து மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டுவதற்கு முன்னாலேயே அறுந்த தாலியை என் பிள்ளை கட்டமாட்டான் என்றார். தாத்தா மறுபடியும் தலையில் கை வைத்தார். மாமா ரெக்கார்டரைத் தட்டிக்கொண்டு நின்றார். சித்தி மட்டும் பதறவே இல்லை; மாலையைக் கழற்ற அவள் கை கழுத்துக்குப் போயிருந்தது.

தவில் வித்வான் நான் இருக்கும்போது என்ன கவலை? மணவறையில் ஏறி நின்றேன்.

"பாட்டி, மலாய்ல தாலின்னா கயிறு. அன்னிக்கு பிடில் கம்பிதான் அறுந்துச்சு. நான் பார்த்தேன்."

கையோடு பிடில்காரரை இழுத்துவந்து புதுக் கம்பியையும் காட்டினேன். ஆமாம் ஆமாம் என்றது ஊர். முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் தாயார்தான். மாமா டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட, என் டின் முழங்க, தாலி ஏறியது. தாத்தா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கல்யாணத்தைக் காப்பாற்றியவள் என்று என் இலையில் லட்டு லட்டாக வந்து விழுந்தது. அன்றைக்கு மலாக்காவில் என்னைவிடப் பெரிய ஆள் யாருமில்லை.

சாப்பிட்ட கையோடு சித்தியிடம் போனேன். அழிக்க மறந்துவிட்டாயா என்று கேட்டேன். அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நீ கெட்டிக்காரிடி. எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லிட்ட."

அவள் கண் நிறைந்திருந்தது. பாவம், காலையிலிருந்து பட்டினி, பசியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கும் ஒரு லட்டு எடுத்துவர ஓடினேன்.