அனுப்புநர்: ராகேல்

ராகேலுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. பாறசாலையில் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ரயிலில் இடம் கிடைத்தாலும் வாசலருகே நின்றுகொண்டே போவாள். ஆலயத்தில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் போதும், கால் தானாகச் செருப்பைத் தேடும். திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அவளுக்கு வேலை. கோபத்தோடு எழுதும் வாடிக்கையாளர்களுக்குத் தன்மையாக மெயிலில் பதில் எழுத வேண்டும். ஊரான் கோபத்தையெல்லாம் ஆற்றுகிறவளுக்குத் தன் கோபத்தை ஆற்றத் தெரியவில்லை என்று அப்பா ராஜையன் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்ததெல்லாம் அந்தத் திங்கட்கிழமை வரைக்கும்தான்.

2003-ல் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பிரவின்ராஜ் மார்த்தாண்டத்துப் பையன், பெங்களூரில் வேலை. கேட்டால் பதில் சொல்லும் ரகம். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஆனால் மெயிலில் மட்டும் வாய் திறப்பான். அவளும் அந்த மெயில்களை அழிக்காமல் வைத்திருந்தாள்.

அந்தப் பக்கத்துத் திருச்சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், யாருக்காவது தடை இருந்தால் தெரியப்படுத்தலாம் என்று போதகர் ஊரறியச் சொல்லுவார். யாரும் வாய் திறப்பதில்லை. அவரவர் நினைப்பெல்லாம் அடுப்பில் விட்டுவந்த கறி மேல் இருக்கும். ராகேலுக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு முன்னால் போதகருக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் ராகேல். "எனக்கு வேறொருவரைப் பிடித்திருக்கிறது. அப்பாவின் கட்டாயத்துக்காகச் சம்மதித்தேன். அடுத்த ஓலையைத் தயவுசெய்து வாசிக்க வேண்டாம்." பிரவின்ராஜுக்கும் ஒரு நகல் போயிருந்தது.

திங்கட்கிழமை போதகர் அச்சடித்துக் கொடுத்த தாளை ராஜையன் மகளின் முகத்தில் எறிந்தார்.

"எனக்க தலையில மண்ண வாரிப் போட்டியே மக்ளே!"

"நான் எழுதல்லப்பா."

"உனக்க பேரும் அட்ரசும் அதில கெடக்கு. பின்ன பேயா வந்து எழுதிச்சு?"

அதோடு அவர் மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா தாசம்மாள் ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே, "யாருட்டி அவன்?" என்று மெல்லக் கேட்டாள். அதற்கு அம்மாவும் பேசாமலே இருந்திருக்கலாம்.

ராகேல் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பிரவின்ராஜுக்குப் போன் அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாஸ்வேர்டை மாற்றினாள், மாற்றிய பிறகு இனி மாற்றி என்ன பயன் என்று தோன்றியது. பக்கத்து சீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டாள், கல்லூரி ஹாஸ்டல் தோழியைச் சந்தேகப்பட்டாள், சித்தி மகனைக்கூட விடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. நாலு நாள் இப்படியே ஓடிய பிறகு, வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போதகரின் அறைக்குப் போனாள். அந்த மெயிலைத் திறந்து, முழுத் தலைப்பையும் காட்டச் சொன்னாள். பெயருக்கும் பொருளுக்கும் மேலே, சாதாரணமாகக் கண்ணில் படாத, மெயில் வந்த வழியைச் சொல்லும் வரிகள் திரை நிறைய வந்தன.

"பாஸ்வேர்டு ஆருட்டயாவது சொன்னியாம்மா?" என்றார் போதகர்.

"பாஸ்வேர்டே வேண்டாம் ஐயா. கவர்ல அனுப்புநர்னு ஆரு பேர வேணும்னாலும் எழுதிப் பெட்டியில போடலாமில்லியா? இதும் அதே மாதிரிதான். ஆனா தபாலாபீஸ் முத்திரை குத்துமே, அத நாம எழுத முடியாதில்லா. நான் இப்பம் அந்த முத்திரையத்தான் தேடுதேன்."

போதகர் அச்செடுத்துக் கொடுத்தார். நம்பியதாக முகம் சொல்லவில்லை.

அதை எடுத்துக்கொண்டு நேராகக் கழக்கூட்டத்துக்கு ஓடினாள். அலுவலகத்தின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் ஷிபு, நெய்யாற்றின்கரைக்காரன், தமிழில் பாதி மலையாளம் கலந்து பேசுவான். ஒரு மெயில் எத்தனை சர்வர் தாண்டி வருகிறதோ, அத்தனை சர்வரும் தலைப்பில் ஒரு வரி எழுதி மேலே மேலே ஒட்டிக்கொண்டே போகும், அதனால் கீழேயிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே விரலைத் தாளின் அடிக்குக் கொண்டுபோனான். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இது நோக்கு ராகேல். முதல்ல அனுப்பின கம்ப்யூட்டர் தன் பேரு என்னன்னு சொல்லுது. 'ராகேல்'னல்லே இருக்கு?" நீதானே அனுப்பினாய் என்பதுபோல் அவளைப் பார்த்தான். "சத்தியம் பற. நீயல்லே அயச்சது?"

தன்னைக் காப்பாற்றும் என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாளே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அந்த இடத்தில் வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவளுக்குக் கோபம் வந்தது. கோபம் சில சமயம் நல்லதுதான்.

"அந்தப் பேரு ஆரு சொல்லுது? அந்தக் கம்ப்யூட்டர் தானே சொல்லுது? பக்கத்தில ஒரு நம்பர் இருக்கே, அத ஆரு எழுதினா?"

ஷிபு தலையைச் சொறிந்தான். "அது இன்டர்நெட் சர்வீஸ்காரன்டெ சர்வர் எழுதினது. எந்த லைன்லேர்ந்து வந்துதுன்னு. அதுல கள்ளம் சொல்லான் பற்றில்ல, பொய் எழுத முடியாது." நம்பரைத் தட்டிப் பார்த்தான். "பெங்களூர் கனெக்‌ஷன்."

ராகேல் பெங்களூரை ரயில் அட்டவணையில் பார்த்ததோடு சரி. அங்கே அவளுக்குத் தெரிந்தவன் ஒரே ஒருவன்.

பிரவின்ராஜின் பழைய மெயில்களைத் திறந்தாள். இவனாக இருக்கக்கூடாது, வேறு எந்தப் பாவியாகவாவது இருக்கட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஒன்றன் பின் ஒன்றாக முழுத் தலைப்பையும் விரித்தாள். அதே சர்வீஸ்காரன். நம்பரில் கடைசி இலக்கங்கள்தான் வேறு வேறு, ஒவ்வொரு தடவை இணையும்போதும் அவை மாறும். எல்லாவற்றிலும் கம்ப்யூட்டரின் பெயர் அதே 'ராகேல்'. நிச்சயம் முடிந்த கையோடு புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதாக எழுதியிருந்தான், அதற்கு அவள் பெயரை வைத்திருக்கிறான். பெயர் வைத்ததை அவளிடம் சொன்னதுகூட இல்லை. பொய் மெயில் போட்ட அன்று, அனுப்புநரின் இடத்தில் தன் பெயரையும் முகவரியையும் அழித்து அவளுடையதை எழுதினான். கம்ப்யூட்டருக்கு வைத்த பெயரும் கூடவே போகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் பெயரைச் சூட்டிய பெட்டியிலிருந்தே அவளை நாசமாக்கியிருக்கிறான்.

இந்த முறை அலுவலக நம்பரிலிருந்து கூப்பிட்டாள். எடுத்தான்.

"நீங்கதான் எழுதினீய. தெரிஞ்சு போச்சு."

அவன் அழுதான். இங்கே ஒருத்தி இருக்கிறாள் என்றான். அப்பாவிடம் சொல்ல முடியவில்லை என்றான்.

"நீ வேண்டாம்னு சொன்னா உங்கப்பா ரெண்டு நாளு ஏசுவாரு, அதோட தீந்துரும் ராகேல். நான் சொன்னா எங்கப்பா நெஞ்சடைச்சு செத்துருவாரு. நீ சொன்னதாவே இருக்கட்டுமே."

"எங்கப்பா எங்கிட்ட பேசி எத்தன நாளாச்சு தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அவன் போனதில் அவளுக்குத் துக்கம் இல்லாமலில்லை. ஆனால் ஒரு நிம்மதியும் இருந்தது. இனி அப்பா நம்புவார்.

வீட்டுக்கு வந்து தாள்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினாள். ராஜையன் பேசாமல்தான் பார்க்கத் தொடங்கினார். அவள் நம்பரைக் காட்டினாள், பெயரைக் காட்டினாள், அவன் அழுததையும் சொன்னாள். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. எழுந்து செருப்பை மாட்டினார்.

"அந்தத் தாயோளிய நான் சும்மா விடமாட்டேன். எனக்க பிள்ள மேல பழியப் போட்டானே!" வாசல்வரை போனவர் திரும்பி வந்து அவள் தலையில் கை வைத்தார். "அப்பம் நீ எழுதல்ல, இல்லியா மக்ளே?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாளும் அவள் ஓடியது. இப்போது அது வந்தபோது அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை.

"அண்ணைக்கே சொன்னேன்லாப்பா, எழுதல்லன்னு," என்றாள். "அந்தக் கம்ப்யூட்டர் அவனக் காட்டிக் குடுக்காம இருந்திருந்தா, எனக்க பேச்ச நம்பியிருப்பியளா?"

ராஜையன் மகளின் தலையிலிருந்து கையை எடுத்தார்.