கேஷுவாலிட்டி முத்துகிருஷ்ணன்

முத்துகிருஷ்ணனுக்கு அசையாமல் இருக்க வராது. உட்கார்ந்தால் தொடை ஆடும், நின்றால் தோள் குலுங்கும், படுத்தால் கால் கட்டைவிரல் தனியாகத் தாளம் போடும். உத்திரமேரூரில் ஆதார் அட்டைக்குப் படம் எடுத்தபோது அவருக்கு இரண்டு மூக்கு விழுந்தது. எடுத்தவர் நல்ல மனிதர், ஒன்றை அழித்துக் கொடுத்தார். தப்பான மூக்கை அழித்துவிட்டார் என்பது மனைவி கல்பனாவின் கட்சி. கோடையில் வாசலில் பாய் விரித்துப் படுத்தால், விடியும்போது எதிர்வீட்டு மாட்டுத்தொட்டி ஓரமாக எழுந்திருப்பார். பாயும் கூடவே வந்திருக்கும்.

ஏரி நிரம்பிய வருஷம் நெல், நிரம்பாத வருஷம் கூலி என்று இருந்தவர், ஊருக்கு வெளியே கார் கதவுக்குக் கீல் செய்யும் கம்பெனி வந்ததும் அதில் சேர்ந்தார். அங்கே மனிதர்கள் இரண்டே வகை: பர்மனன்ட், கேஷுவல். பர்மனன்ட்டுக்கு நீலச் சட்டை, கான்டீனில் முட்டை, தீபாவளிக்குப் போனஸ். கேஷுவலுக்கு மஞ்சள் சட்டை, முட்டை மிதந்துவிட்டுப் போன குழம்பு. முத்துகிருஷ்ணன் கேஷுவலாகச் சேர்ந்தார், கேஷுவலாகவே நரைத்தார். வருஷா வருஷம் மேனேஜர் வெங்கடேசன், "அடுத்த வருஷம் பாக்கலாம்யா" என்பார். அடுத்த வருஷமும் அதே வாக்கியத்தோடு வந்து நிற்கும்.

கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி பிரிஸ்கில்லா. சின்ன வயசுப் பெண், பெரிய விசில். இருமினால் மாஸ்க் போடு என்பாள், மாஸ்க் போட்டால் சரியாகப் போடு என்பாள். அவளைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் கேட் வாட்ச்மேன் பச்சமுத்து. அவர் ஒரு காலத்தில் பிரஸ் மெஷினில் நின்றவர். இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு கேட்டுக்கு வந்தவர். மூன்று விரலால் அவர் வைக்கிற சல்யூட்டை மட்டும் யாரும் கேலி செய்வதில்லை.

ஒரு வியாழக்கிழமை பிரிஸ்கில்லா எல்லோரையும் கூட்டி, "நாளைக்கு மாக் டிரில். தீப்பிடிச்சா, அடிபட்டா என்ன செய்யணும்னு ஒத்திகை. கார் கம்பெனிலருந்து இன்ஸ்பெக்டர் வராரு. நம்மள்ல ஒருத்தர் அடிபட்ட மாதிரி படுக்கணும்" என்றாள். உடனே எல்லோருக்கும் கையிலிருந்த கீல்மேல் அபார அக்கறை வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொணமாட்டம் படுக்கறதா? வேற ஆளப் பாரு மேடம்," என்றது ஒரு குரல்.

அந்த நேரம் பார்த்துத்தான் முத்துகிருஷ்ணன் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வந்தார். அவர் காதில் விழுந்தது பிரிஸ்கில்லாவின் கடைசி வாக்கியம் மட்டும்: "கேஷுவாலிட்டியா இருக்க யாருக்குமே இஷ்டம் இல்லையா?"

அவர் அறிந்த உலகத்தில் வார்த்தை நீண்டால் பதவியும் நீளும். கிளார்க்கைவிட சூப்பர்வைசர் நீளம், சூப்பர்வைசரைவிட ஜெனரல் மேனேஜர் நீளம். கேஷுவல் என்பதன் வாலில் ஒரு 'இட்டி' முளைத்திருக்கிறது. இதை வேண்டாம் என்று நிற்கிறான்களே மடையன்கள்!

"நான் இருக்கேன் மேடம்!" என்று கத்தினார். கத்திய வேகத்தில் தலைக்கவசம் கழன்று விழுந்தது.

வீட்டுக்கு அரைக் கிலோ ஜாங்கிரியோடு போனார்.

"கேஷுவாலிட்டின்னா இன்னாய்யா?" என்றாள் கல்பனா.

"கேஷுவலுக்கு மேல, பர்மனன்ட்டுக்குக் கீய. நடுவுல."

"சம்பளம் ஏறுமா?"

"பேரே ஏறிக்கீது, சம்பளம் ஏறாதா?"

தெருவெல்லாம் ஜாங்கிரி போயிற்று. ஓரிக்கையில் இருக்கும் தன் அம்மா பச்சையம்மாளுக்குக் கல்பனா போன் போட்டு, "உன் மாப்ளைக்குப் புரமோஷம்மா!" என்றாள். அதற்குமேல் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. பச்சையம்மாள் காஞ்சிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தவர். அதைவிடப் பெரிய பெயர் அவருக்கு ஒப்பாரியில். அவர் குரலெடுத்தால் செத்தவரே திரும்பி வரலாமா என்று ஒரு நிமிஷம் யோசிப்பார் என்பார்கள். பாலாற்றுக்கு அந்தக் கரையிலிருந்துகூட ஆள் விட்டு அழைப்பார்கள். மாப்பிள்ளைக்கு நல்ல சேதி என்றதும், காலையில் பழத்தட்டோடு பஸ் ஏறுவதாக முடிவு செய்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை முத்துகிருஷ்ணன் கல்யாணத்துப் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். கம்பெனி வாசலிலேயே பிரிஸ்கில்லா ஒரு மக்கில் சிவப்புத் தண்ணீரோடு நின்றிருந்தாள். அடடா, ஆலம் கரைத்து வைத்திருக்கிறார்களே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கிழக்குப் பார்த்து நின்று தலையைக் குனிந்தார். அவள் சுற்றவில்லை. அப்படியே சட்டைமேல் ஊற்றினாள்.

"திருஷ்டி கழிஞ்சிதா மேடம்?"

"என்ன திருஷ்டி? இது ரத்தம்."

"யாருதும்மா?"

"உங்களோடதுதான். பிரஸ் மெஷின் பக்கத்துல விழுந்துட்டீங்க. நெனவில்ல."

"எனக்கு நல்லா நெனவு கீதே!"

பிறகுதான் அவள் பொறுமையாக விளக்கினாள். கேஷுவாலிட்டி என்றால் பதவி இல்லை, அடிபட்டவன். முத்துகிருஷ்ணனின் முகம் ஊறிய அப்பளமாகிவிட்டது. ஊர் முழுக்க ஜாங்கிரி தின்று முடித்துவிட்டதே! "எனக்கு வேணாம் மேடம், நான் வூட்டுக்குப் போறேன்," என்று திரும்பியவரை மேனேஜர் வெங்கடேசன் தோளில் கைபோட்டு ஓரங்கட்டினார். இன்ஸ்பெக்டரின் கார் வந்து நின்றுவிட்டது. வேறு ஆளுக்கு எங்கே போவது?

"யோவ், நான் விசில் ஊதற வரைக்கும் அசையாம படு. உன்னைப் பர்மனன்ட் பண்றேன்."

"மெய்யாலுமா சார்?"

"மெய்யாலும். ஆனா கை ஆடிச்சு, கால் ஆடிச்சுன்னா நாளைலருந்து வேலைக்கு வராத."

மற்றவருக்கு இது லேசான பேரம். முத்துகிருஷ்ணனுக்கு ஏரியைக் குடித்துக் காட்டு என்பதுபோல. இருந்தாலும் போய்ப் படுத்தார். நீலச் சட்டையை நினைத்தார், முட்டையை நினைத்தார். கட்டைவிரல் மெல்ல ஆட ஆரம்பித்தது. மற்றக் காலால் அதை மிதித்துப் பிடித்துக்கொண்டார்.

வெங்கடேசன் பிரிஸ்கில்லாவின் விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைரன் பொத்தானை அமுக்கினார். சைரன் கத்தவில்லை. உள்ளே ஒயரை எலி தின்று நாளாகியிருந்தது. "வாய்லயே கத்துங்கய்யா!" என்று அவர் கத்த, நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து முத்துகிருஷ்ணனைத் தூக்கினார்கள். பின்பக்கத்து அவசர வழிக்கு ஓடினார்கள். அங்கே வழி இல்லை, கதவை மறைத்துக் கீல் பெட்டிகள் ஆளுயரம் அடுக்கியிருந்தன. பிரிஸ்கில்லா மாசக்கணக்காக எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்த பெட்டிகள் அவை. ஸ்ட்ரெச்சரைப் பெட்டியோரம் இறக்கிவிட்டு நால்வரும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். வெங்கடேசன் இன்ஸ்பெக்டரை வேறு பக்கமாக அழைத்துப் போய், செடிகொடிகளைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இதற்குள் கல்பனா கம்பெனிக்குப் போன் போட்டாள். அம்மா பழத்தட்டோடு வந்திறங்கியாயிற்று, மாப்பிள்ளை எப்போது வருவார் என்று கேட்கத்தான். கேட்டில் பச்சமுத்து எடுத்தார்.

"உன் வூட்டுக்காரரா? அவரு கேஷுவாலிட்டி ஆயி, இப்பத்தாம்மா ஸ்ட்ரெச்சர்ல தூக்கிக்கினு போனாங்க. பட்டுச் சட்ட பூரா ஒரே செவப்பு. நீ ஒண்ணும் பயப்படாத, இதெல்லாம் சும்மா..."

சும்மா என்பது அவள் காதுக்கு வந்து சேரவில்லை. போன் கீழே கிடந்தது.

"இன்னாடி சொன்னான்?" என்றார் பச்சையம்மாள்.

"கேஷுவாலிட்டி ஆயிட்டாராம், தூக்கிக்கினு போறாங்களாம்..."

"கேஷுவாலிட்டியா? அடிப்பாவி, அடிபட்டு ரத்தத்தோட வர்றவங்களப் போடற வார்டுடி அது! நான் தொடச்ச வார்டு!"

"புரமோஷன்னு சொன்னாரேம்மா!"

"அங்கருந்து புரமோஷன் ஒரே எடத்துக்குத்தாண்டி. மார்ச்சுவரிக்கு!"

அவ்வளவுதான். முதல் நாள் ஜாங்கிரி தின்ற ஊர் முழுக்க இரண்டு டிராக்டர் டிரெய்லரில் ஏறிக்கொண்டது. வழியில் மாலை வாங்கினார்கள். மேளக்காரர் ஒருவர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், அவரையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கேட்டில் பச்சமுத்து மறித்தார். "டிரில்லும்மா, டிரில்லு!" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். டிரில் மெஷினில் மாட்டிச் செத்தான் என்று கூட்டம் எடுத்துக்கொண்டு இன்னும் பலமாக அழுதது. மூன்று விரலையும் விரித்து, பச்சமுத்து கடைசியாக ஒன்றே ஒன்றில் உறுதியாக நின்றார்: "யாரா இருந்தாலும் ஹெல்மெட் போடாம உள்ள வுட மாட்டேன்!" விரல் போன மனிதரோடு யார் வாதாடுவது? எல்லோரும் மஞ்சள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

முத்துகிருஷ்ணன் கண்ணை மூடிக் கிடந்தார். மூக்கு நுனியில் ஓர் ஈ. அதையே தாங்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் காதில் மாமியார் குரல் விழுந்தது.

"ஆடாத காலில்ல, அலையாத கையில்ல,
ஆட்டம் அடங்கிச்சோ என் மாப்ளே!
ஒரு வேல உருப்படியா நீ செஞ்சி பாத்ததில்ல,
சாவ மட்டும் உருப்படியா செஞ்சிட்டியே என் மாப்ளே!"

பாடிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார். ஹெல்மெட் டக் டக் என்று தாளம் கொடுத்தது. மேளக்காரர் பழக்க தோஷத்தில் கெட்டிமேளம் வாசித்துவிட்டார். அந்தப் பக்கம் செடி பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் புனேக்காரர், தமிழ் தெரியாதவர். காதில் கைவைத்துக் கேட்டுவிட்டு, சைரன் மிக நன்றாகக் கேட்கிறது என்று எழுதிக்கொண்டார். அதைப் பார்த்ததும் வாயருகே போன விசிலை வெங்கடேசன் இறக்கிவிட்டார். நல்லபடியாகப் போவதை எதற்குக் கெடுப்பது? "விசிலக் குடுங்க சார்!" என்று பிரிஸ்கில்லா கெஞ்சியது அவர் காதில் ஏறவில்லை.

முத்துகிருஷ்ணன் மாமியார் பாட்டைப் பொறுத்துக்கொண்டார். அப்போது கல்பனா அவர் நெஞ்சின்மேல் விழுந்தாள். "இனிமே உன்ன சும்மா இருன்னு சொல்ல மாட்டேன்யா. எந்திரிச்சி ஆடுய்யா," என்று தேம்பினாள். அவள் கண்ணீர் அவர் கழுத்துக்குள் சூடாக இறங்கியது.

அசைந்தால் வேலை இல்லை. அசையாவிட்டால் இவள் அழுதே போய்விடுவாள். முத்துகிருஷ்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். வெங்கடேசன் கை ஆடக் கூடாது என்றார், கால் ஆடக் கூடாது என்றார். நாக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே! கண்ணைத் திறக்காமல், உதட்டைப் பிரிக்காமல், தொண்டைக்குள்ளிருந்தே பேசினார்:

"அய்வாத கல்பனா... நான் பர்மனன்ட் ஆயிக்கினு கீறேன்..."

கல்பனா எழுப்பிய அலறலில் கூரைத் தகடு அதிர்ந்தது. "பொணம் பேசுதும்மா!"

பச்சையம்மாள் எத்தனையோ பிணங்களுக்குப் பாடியவர். ஒன்றுகூடப் பதில் சொன்னதில்லை. முதலில் ஓடியவர் அவர்தான். பின்னால் ஊர் ஓடியது. "ஓடு, ஓடு!" என்ற சத்தத்தில் ஏதோ வெடிக்கப் போகிறது என்று நீலச் சட்டை, மஞ்சள் சட்டை எல்லாம் ஓடின. மாசக்கணக்கில் நகராத பெட்டிகள் சீட்டுக்கட்டாய்ச் சரிந்தன, அவசரக் கதவு கீலோடு பிய்ந்து வெளியே விழுந்தது. பிரிஸ்கில்லாவையும் வெங்கடேசனையும் புனேக்காரரையும் கூட்டமே தூக்கிக்கொண்டு போய் வெளியே வேப்பமரத்தடியில் இறக்கியது. கண்மூடித் திறப்பதற்குள் கம்பெனி காலி.

முத்துகிருஷ்ணனைத் தவிர.

ஈ திரும்பி வந்து மூக்கில் உட்கார்ந்தது. பார்க்க ஒருவரும் இல்லை, ஒரு தட்டுத் தட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? விசில் ஊதவில்லையே என்று அப்படியே கிடந்தார்.

முதலில் திரும்பி வந்தவர் இன்ஸ்பெக்டர். பின்னால் வெங்கடேசன், பிரிஸ்கில்லா, எட்ட நின்று எட்டிப் பார்த்தபடி ஊர். இன்ஸ்பெக்டர் பெயர்ந்த கதவைப் பார்த்தார், சிதறிய பெட்டிகளைப் பார்த்தார், கடைசியில் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். எல்லோரும் தப்பித்தீர்கள், அடிபட்டவனை விட்டுவிட்டு வந்தீர்களே என்று அவர் இங்கிலீஷில் போட்ட கூச்சல் புரியாதவர்களுக்கும் புரிந்தது. பிரிஸ்கில்லா வெங்கடேசனின் கழுத்திலிருந்த விசிலைப் பிடுங்கி ஊதினாள்.

முத்துகிருஷ்ணன் துள்ளி எழுந்து மூக்கு, முழங்கால், முதுகு என்று ஒரு இடம் விடாமல் சொறிந்துகொண்டார். ஊரே மூச்சுவிட்டது. "உயிரோட கீறியா படுபாவி!" என்று கல்பனா ஓடிவந்து கட்டிக்கொண்டு, அதே கையால் முதுகில் நாலு வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் அவரைப் பேனாவால் சுட்டிக்காட்டினார். இந்தக் கம்பெனியில் சொன்னபடி நடந்தவர் இவர் ஒருவர்தான் என்றார். பிறகு வெங்கடேசன் பக்கம் திரும்பி, "கேஷுவல்? பர்மனன்ட்?" என்று கேட்டார். கேஷுவலை மெஷின் பக்கம் விடக்கூடாது என்பது கார் கம்பெனியின் விதி.

"பர்மனன்ட் சார்! ஃபுல்லா பர்மனன்ட்!"

நாலே வார்த்தைதான் என்றாலும் ஊருக்கு நன்றாகப் புரிந்த இங்கிலீஷ். ஹெல்மெட்டோடு பச்சையம்மாள் முன்னால் வந்தார். "தோ பாரு சார், இத்தினி பேர் கேட்டுக்கினு கீறோம். மாத்திப் பேசினீன்னா உனக்கும் ஒரு பாட்டுப் பாடுவேன்."

வெங்கடேசன் மாற்றிப் பேசவில்லை. ஒரு மாசத்தில் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கிளம்பினார். திங்கட்கிழமை நீலச் சட்டை வந்தது, கான்டீனில் முட்டையும் வந்தது. புதுக் கதவும் மாட்டினார்கள். புதன்கிழமை பார்த்தால் அதன் முன்னால் பழையபடி நாலு பெட்டி.

முத்துகிருஷ்ணன் நேராக வெங்கடேசன் அறைக்குப் போனார். உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக ஆடிக்கொண்டு நின்றார்.

"சார், கதவாண்ட பொட்டி கீது. எடுக்கச் சொல்லு சார்."

"உன் வேலையப் பாருய்யா. எடுக்கலன்னா என்ன பண்ணுவ?"

"இன்னா பண்ணுவேன் சார், அங்கயே படுத்துக்குவேன்."

வெங்கடேசன் எழுந்துபோய் முதல் பெட்டியைத் தானே தூக்கினார்.