மிக மிக அருகாமையில்

போன மாதம் ஊரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் காத்திருந்தேன்.

தூரத்திலிருந்து ஒரு இளைஞர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார். எனக்கு இது பழக்கம்தான். ‘உங்க பத்தியை வாரா வாரம் படிக்கிறேன் சார்’ என்பார். ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்று நான் அடக்கமாகச் சிரிக்க வேண்டும். காலரைச் சரிசெய்துகொண்டு, சிரிப்பையும் தயாராக வைத்துக்கொண்டேன்.

“சார்… நீங்க சுகுணா மேடம் வீட்டுக்காரர்தானே?”

“ஆமாம்.”

“மேடம் எங்க சார்? ஒரே ஒரு ஹெல்ப்…” என்று என் கையில் கேமராவைத் திணித்தார்.

நான்தான் போட்டோ எடுத்தேன். அவர், அவர் மனைவி, அவர் மாமியார் — நடுவில் என் மனைவி. மாமியாருக்குப் பாதித் தலை கட் ஆகிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாக!

பொறாமையா என்கிறீர்களா? ஆமாம், பொறாமைதான். வயிற்றெரிச்சல் என்று சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வீட்டம்மாவைத் தெரியும். உப்புமாவை அடிபிடிக்க விட்டவள். பட்டுக்கு உலகமே காஞ்சிபுரத்துக்கு வர, இங்கிருந்து டி.நகருக்கு பஸ் ஏறிப் போய்ப் புடவை எடுத்தவள். எழுதினேன்… நீங்களும் சிரித்துச் சிரித்துக் கடிதம் போட்டீர்கள். ஆனால் அவள் ஆறு வருஷமாக மனை விற்கிறாள் என்பதை ஒரு தடவைகூட நான் எழுதியதில்லை. ஏன்? தோன்றவில்லை. அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகள் வர வர, இங்கே நிலத்துக்கெல்லாம் றெக்கை முளைத்தது. நேற்று வேர்க்கடலை போட்ட இடத்தில் இன்றைக்கு வெள்ளைக் கல், சிவப்புக் கொடி. டீக்கடைக்கு டீக்கடை நாலு புரோக்கர்கள். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே இவள் ஒருத்தி — தலையில் ஹெல்மெட், பையில் மனை அளக்கிற டேப், மொபெட்டில் குடை.

லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒருத்தருக்கு வடக்குப் பார்த்த மனைதான் வேண்டும். இன்னொருத்தருக்குச் சுடுகாடு கண்ணில் படக்கூடாது. மூன்றாமவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து, வெயிலில் அலையவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, “ஜாதகம் பார்த்துட்டு சொல்றோம்மா” என்று கிளம்பிவிடுவார். இதெல்லாம் சாப்பிடும்போது அவள் சொல்வாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டே ‘ம்’ கொட்டுவேன்.

ஒரே ஒரு தடவை அவள் தொழிலில் மூக்கை நுழைத்தேன். முதல் முதலாக நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும்போது. ‘பஸ் ஸ்டாண்டுக்கு மிக மிக அருகாமையில்’ என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

“தப்பு. கல்லாமைன்னா என்ன? கல்லாம இருக்கிறது. இல்லாமைன்னா இல்லாம இருக்கிறது. அப்ப அருகாமைன்னா?”

“நீங்களே சொல்லுங்க.”

“அருகில் இல்லாம இருக்கிறது! ‘அருகில்’னு போடு.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “பஸ் ஸ்டாண்டு அங்கேர்ந்து மூணு கிலோமீட்டர் இருக்குது. அருகில் இல்லதானே? அப்ப நான் போட்டிருக்கிறதுதாங்க கரெக்ட்.”

நோட்டீஸ் ‘அருகாமை’யோடே வந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதின எதையும் நான் படிக்கவில்லை. ரோஷம்!

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் கிளாஸ் போனாள். அப்புறம் காலேஜ் பசங்க விழுந்து கிடக்கிற அந்த இன்டர்நெட் தளத்தில் சேர்ந்தாள். பேர் வேண்டாம், உங்களுக்கே தெரியும்… உலகத்தில் யாரும் யாருக்கும் ஃபிரெண்ட் ஆகிற இடம். மனைகளை போட்டோ எடுத்துப் போட்டாள். துபாய், அமெரிக்கா என்று போன நம்ம ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்கள். வந்து மொய்த்துவிட்டார்கள்.

‘இன்னைக்கு காஞ்சிபுரத்துல மழை’ — ஒரு நாள் இப்படி ஒரே ஒரு வரி எழுதினாளாம். அறுபது பேர் பதில் போட்டார்களாம்! நான் இதே பத்தியில் மழையைப் பற்றி முழுப் பக்கம் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. வந்தது ஒரு போஸ்ட் கார்டு. அதுவும் ஒரு ஒற்றுப்பிழையைச் சுட்டிக்காட்டி…

கல்யாண வீட்டு போட்டோவுக்கு மறுநாள் பொறுக்க முடியவில்லை. மூங்கில் மண்டபத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து, அவள் பக்கத்தைத் திறந்தேன். அங்கே டெஸ்டிமோனியல் என்று ஒன்று இருக்கிறது. நம்மைப் பற்றி நண்பர்கள் எழுதித் தருகிற நற்சான்று. அவளுக்கு நாற்பத்தேழு பேர் எழுதியிருந்தார்கள். எல்லாம் மனை வாங்கினவர்கள் என்று பார்த்தால், பாதிப் பேர் ஒரு அடி மண்கூட வாங்காதவர்கள்.

‘மேடம், எங்க அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனப்ப பத்து நாளும் போய் சொட்டு மருந்து போட்டீங்க. நான் அமெரிக்காவுல உக்காந்துக்கினு அழுதேன்…’

பத்து நாளா? எந்தப் பத்து நாள்? நானும் அவளும் ஒரே வீட்டில்தானே இருந்தோம்? நல்ல மனுஷனாக இருந்தால் நேரே வீட்டுக்குப் போய் அவளையே கேட்டிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ராஜேஷ் ஆனேன்.

ராஜேஷ், வயது முப்பத்தொன்று, துபாய். போட்டோவுக்கு ஒரு ஒட்டகம். அவளுக்கு ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் ஓகே! பெண் பார்த்துவிட்டு வந்த என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதிக்க மூன்று மாசம் எடுத்துக்கொண்டவள் இவள்.

முதல் மெசேஜ் அனுப்பினேன். ‘ஏனாத்தூர் மனை விவரம் தேவை… வடக்குப் பார்த்ததாக இருந்தால் நலம்… ஒரு சிறு விஷயம் — அருகாமை என்பது பிழை. அருகில் என்பதே சரி…’

ஊரே ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக்கொண்டிருக்க, துபாய் ராஜேஷ் மட்டும் தமிழ் எழுத்தில், ஒரு ஒற்றுகூட விடாமல் எழுதினான். புத்தி எங்கே போச்சு என்கிறீர்களா? பொறாமைக்காரனுக்கு அது இருந்தால்தானே போவதற்கு!

பொறுமையாகப் பதில் போட்டாள். அளவு, பட்டா, வில்லங்கம் பார்த்தது எல்லாம். ரெண்டு நாள் கழித்து ராஜேஷ் மெதுவாக ஆரம்பித்தான்.

‘உங்கள் கணவர் என்ன செய்கிறார்?’

‘எழுதறார்.’

‘அப்படியா! என்ன எழுதுகிறார்?’ பாராட்டு வரும் என்று சீட் நுனிக்கு வந்துவிட்டேன்.

‘எல்லாரைப் பத்தியும் எழுதுவார். என்னைப் பத்தின்னா உப்புமா மட்டும்.’

ராஜேஷுக்கு அங்கேயே எழுந்து போகத் தெரியவில்லை. ‘நீங்கள் எழுதுவதை அவர் படிப்பாரா?’ என்று வேறு கேட்டுத் தொலைத்தான்.

‘திருத்துவார். படிக்க மாட்டார்.’

சுட்டது. அந்தச் சூட்டில் பேச்சை மாற்றப் போய், லீவில் ஊருக்கு வருவதாகவும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சைட்டில் இருப்பதாகவும் ராஜேஷ் உளறிவிட்டான். உளறினது அவன். நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹெல்மெட்டோடு வந்து நின்றாள்.

“கெளம்புங்க.”

“எங்கே?”

“ஏனாத்தூர். துபாய் பார்ட்டி வர்றாரு. புதுசு, தனியா போவ ஒரு மாதிரியா இருக்குது. நீங்களும் வாங்க.”

‘அவன் வரமாட்டான்’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டால்? கொலைக் குற்றவாளி போல மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஆறு வருஷத்தில் அவள் சைட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை.

அங்கே கல், கொடி, வெயில், தூரத்தில் ரெண்டு எருமை. வேறு ஜனமே இல்லை. பத்தேகால் ஆச்சு.

“பார்ட்டியைக் காணோமே” என்றேன்.

“வந்துட்டாரே.”

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. அவள் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்.

“கெட்டியா புடிங்க, ராஜேஷ் சார்.”

பூமி பிளந்து உள்ளே போகலாம் என்றால், அங்கே மண் அவ்வளவு கெட்டி. அவள் பாட்டுக்கு டேப்பை இழுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனாள். அங்கிருந்தே கத்தினாள்.

“இது அறுபது அடி! வடக்குப் பார்த்த மனை கேட்டீங்களே, இதான்! மொட்டை மாடியில நின்னா வரதர் கோயில் கோபுரம் தெரியும்!”

“எத்தனாவது மாடி?” என்று என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன்.

“அது நீங்க கட்டுறதப் பொறுத்து!”

சிரித்தாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டே திரும்பி வந்தாள். வருகிற வழியில் ஒரு மூலையைக் காலால் தட்டிக் காட்டினாள். “இந்த ஒண்ணு மட்டும் வேணாம் சார். மழைக்குத் தண்ணி நிக்கும். ஓனர் இதத் தள்ளிவிடச் சொல்லி திட்டுறாரு. நான் யாருக்கும் காட்டறதில்ல.”

சொட்டு மருந்து எனக்குப் புரிந்தது. நாற்பத்தேழு பேர் ஏன் எழுதினார்கள் என்பதும்.

“எப்பத் தெரியும்?” என்றேன்.

“மொத மெசேஜ்லயே. துபாய்ல கெடக்கிறவனுக்கு ‘அருகாமை’ எதுக்குங்க உறுத்தப் போவுது? வரிக்கு வரி மூணு புள்ளி வேற!”

“அப்ப… நீ போட்ட பதிலெல்லாம்…”

“ராஜேஷுக்குப் போட்டேன். உங்களுக்கு ஏன் சுடுது?”

அவள் குடையை விரித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“அன்னைக்கு நீங்க சொல்லிக் குடுத்தது எனக்கு மறக்கவே இல்லீங்க. அருகாமைன்னா பக்கத்துல இல்லாம இருக்கிறது. பொறாமைன்னா பொறுக்காம இருக்கிறது. ரெண்டும் நம்ம வீட்லயே இருக்குதே… எனக்கு எதுக்கு டிக்ஷனரி?”

வாரா வாரம் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வரி இந்த ஜென்மத்தில் வந்ததில்லை. அந்த நேரத்திலும், அந்த வெயிலிலும், அதற்காகவும் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவீர்களா?

“யார் யாரோ எழுதியிருக்காங்க” என்றாள். “நீங்க ஒரு நாலு வரி எழுதினா நல்லா இருக்கும்னு ஆசை. ரெண்டு வருஷமா ஆசை. கேக்கக் கூச்சமா இருந்துச்சு.”

குடையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தாள்.

ராஜேஷைக் கொன்றுவிட்டு என் சொந்தப் பேரில் அந்தத் தளத்தில் சேர்ந்தேன். இந்தப் பத்தியை எழுத எனக்கு ரெண்டு மணி நேரம் போதும். அந்த நாலு வரிக்கு ஒரு வாரம் ஆச்சு! அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். என்ன எழுதினேன் என்று உங்களுக்குச் சொல்வதாக இல்லை. அதில் உப்புமா இல்லை. மூணு புள்ளியும் இல்லை. அனுப்பிவிட்டேன்.

அந்தத் தளத்தில் ஒரு வழக்கம். நற்சான்றை நாம் அனுப்பினால் மட்டும் போதாது. சம்பந்தப்பட்டவர் படித்து ‘ஓகே’ கொடுத்தால்தான் ஊர் பார்க்க மேலே ஏறும்.

ஒரு நாள் போச்சு. ரெண்டு நாள் போச்சு. தோசை ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

“பார்த்தியா?”

“படிச்சிக்கினு இருக்கேன்.”

“நாலு வரிதானேம்மா?”

“திருத்தாம படிக்கிறேன் இல்ல? டைம் ஆவும்.”

இன்றோடு ஆறு நாள். இன்னும் ஓகே வரவில்லை. ஆனால் அந்த துபாய் ராஜேஷுக்கு மட்டும் பத்தே நிமிஷம்… கொன்ற பிறகும் அவன்மேல் எனக்கு வயிறு எரிகிறது!