சூட்டுச் சுவரும் ஏகாம்பரத்தின் கத்தரி நாற்றும்

ஐப்பசி இரண்டாவது சனிக்கிழமை கிளம்பினேன். காரணம் கால் கிலோ பச்சைத் தூள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கொட்டகையில் என் அக்கா டிரைக்கோடெர்மா வளர்க்கிறாள். மண்ணிலுள்ள நோய்ப் பூஞ்சையை அழித்து நாற்றைக் காக்கும் நல்ல பூஞ்சை அது. அரிசியில் வளர்த்து, வித்துகளைக் காயவைத்து, தூளாக விவசாயிகளுக்குக் கொடுக்கிறாள். அதைப் போட்டும் திருவள்ளூர்ப் பக்கம் ஏகாம்பரம் என்பவரின் கத்தரி நாற்று முழுக்க அழுகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மறுபடி விதைக்கிறார். அதுவும் போனால் இந்தப் பட்டத்தில் அவருக்குக் கத்தரியே இல்லை. அவரிடம் பிரிக்காமல் இருந்த ஒரு பொட்டலத்தை வாங்கிவரச் சொன்னாள் அக்கா.

செவ்வாப்பேட்டையில் காலை 6.40 மின்ரயில். திருவள்ளூருக்கு ஐந்து ரூபாய், பன்னிரண்டு நிமிடம். அங்கிருந்து பூண்டி சாலையில் ஒன்பது கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். ஏகாம்பரம் நாற்றங்காலைக் காட்டினார். தண்டு தரையோடு இற்று நாற்றுகள் படுத்துக் கிடந்தன. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அக்காவை நம்பி வேறு மருந்து வாங்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

பிறகு பொட்டலத்தோடு கும்மிடிப்பூண்டிக்கு, ஊத்துக்கோட்டையில் மாறி இரண்டு பேருந்துகள், காத்திருந்ததையும் சேர்த்து இரண்டரை மணி நேரம். மதியம் ஒரு மணிக்கு அக்கா அந்தத் தூளைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் தடவினாள். இரவு அவள் அறையில் தங்கினேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். எல்லாம் அழகான பச்சை உருண்டைகள். உயிருள்ள வித்து நூல் விட்டிருக்கும் என்றாள். பத்தில் இரண்டுதான் விட்டிருந்தன. மழைக்கு முன் வளர்த்த பொட்டலத்தில் பத்துக்கு ஒன்பது.

அக்கா எழுந்து போய்ச் சுவரில் கை வைத்தாள். நானும் வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன். பக்கத்துக் கட்டடம் இரும்பைக் காய்ச்சிக் கம்பியாக உருட்டும் ஆலை. மழை நாட்களில் வித்து பரப்பிய தட்டுகள் காய இரண்டு நாள் ஆனதால், செலவில்லாத சூடு என்று அந்தச் சுவரோரம் நகர்த்தியிருக்கிறாள். அரை நாளில் காய்ந்தன, பச்சையும் மங்கவில்லை. ஆர்டர் அவசரத்தில் அரிசிக்கு ஈரத்தையும் கூட்டியிருந்தாள். அப்படிக் கொழுகொழுவென்று வேகமாக வளர்ந்த வித்து சூட்டைத் தாங்காதாம். குறைந்த ஈரத்தில் மெதுவாக வளர்ந்ததுதான் தாங்குமாம்.

பொட்டலம் போடும் தேவகி மெல்லச் சொன்னார்: "வெயில்ல வச்சிட்டீங்களான்னு அவரையே கேளு பாப்பா. யாருக்குத் தெரியப்போவுது?"

அக்கா போனை எடுத்தாள். "அண்ணே, உங்க மேல தப்பில்ல. நாந்தான் தட்ட சூட்டு சொவத்தாண்ட நவுத்திட்டேன். வித்து செத்துப்போச்சு."

போனில் ஏகாம்பரம் குரல்: "இன்னாமா நீ. நானு மூணு வாரமா என் மண்ணத் திட்டிக்கினு இருக்கேன்."

அதே தட்டுகளின் தூளை வாங்கிய மற்ற பதினான்கு பேருக்கும் அவள் வரிசையாகப் பேசினாள். நான் ஆறிய டீயோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் அக்கா என்று தெருவில் நின்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மழைக்கு முன் வளர்த்த நல்ல தூளை ஏகாம்பரத்துக்காக என் பையில் வைத்து அனுப்பினாள் அக்கா. திரும்பும் பேருந்தில் கூட்டம். பையை இஞ்சின் மூடி மேல் வைக்கச் சொன்னார் நடத்துநர். மாட்டேன் என்றேன். "உள்ள இன்னா, கொயந்தையா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான். ஊத்துக்கோட்டை வரை மடியிலேயே வைத்திருந்து, மாலைக்குள் ஏகாம்பரம் கையில் கொடுத்தேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஊத்துக்கோட்டை வழியே போக முழுதாக அரை நாள் ஒதுக்குங்கள். குடிநீர் கையில் இருக்கட்டும். தூள் வாங்கினால் நிறத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், எப்போது, எப்படிக் காயவைத்தது என்று கேளுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

இப்போது கொட்டகையில் அந்தச் சுவரிலிருந்து ஆறடி தள்ளி, தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறாள் அக்கா. விதைத்த இருபதாம் நாள் ஏகாம்பரம் அவளுக்குப் படம் அனுப்பினார். பாத்தி நிறைய நிமிர்ந்த நாற்றுகள். கீழே ஒரே வரி: "நல்ல மண்ணுதாம்மா."