நான் எண்ணித் தேர்ந்தெடுத்த கெர்னல்

சென்ற ஆண்டு ஐப்பசியில், உறையூரில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இலவச டயாலிசிஸ் மையத்தில் நடந்தது இது. ஏழு இயந்திரங்கள், நாற்பத்தொரு நோயாளிகள். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியனான நான் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லோருடைய எடையும் மருந்தும் ஒரே சர்வரில் இருக்கின்றன. ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் பொறியாளர் ஒருவர், ஐம்பது வயதுப் பெண்மணி, சேவையாக வந்து அதை அமைத்துக் கொடுத்திருந்தார். அதன் கெர்னலாக, அதாவது இயங்குதளத்தின் அடித்தளமாக, பல ஆண்டுகள் பராமரிக்கப்படும் ஒரு பதிப்பைப் போட்டிருந்தார்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அவர் போனபின் அந்தப் பதிப்பைப் பற்றித் தேடிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு முறை திருத்தி வெளியிட்டிருந்தார்கள். அதைவிடப் புதிய பதிப்பு ஒன்றில் பன்னிரண்டே திருத்தங்கள். நூறு ஓட்டை அடைத்த வாளியைவிடப் பன்னிரண்டு ஓட்டை அடைத்தது மேல் என்று முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் நானே மாற்றிவிட்டேன்.

மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு சனிக்கிழமை பெரிய டிஸ்க் ஒன்றை மாட்டினோம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு சர்வர் அப்படியே நின்றுவிட்டது. மூன்று முறை அணைத்துப் போட்டேன். மூன்று முறையும் நின்றது.

ஏழு பேர் காத்திருந்தார்கள். பெரிய கடைவீதியில் கடை வைத்திருக்கும் பாய்க்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கியது.

"கடைசி எடை தெரியாம உடம்புலேர்ந்து எவ்வளவு தண்ணி எடுக்கறதுன்னு நான் எப்படி முடிவு பண்றது சார்? கூட எடுத்தா பிரஷர் இறங்கிடும்" என்றார் நர்ஸ்.

பாய் அந்த நிலையிலும் சிரித்தார். "முதல்ல உங்க கம்ப்யூட்டருக்கு டயாலிசிஸ் பண்ணுங்க சார்."

ஸ்ரீரங்கத்துக்குப் போன் செய்து, செய்ததையெல்லாம் ஒப்புக்கொண்டேன். அந்த அம்மா திட்டவில்லை. "பழைய கெர்னல் உள்ளயேதான் இருக்கும் சார். ஆன் பண்ணும்போது ஒரு லிஸ்ட் வரும், அதுல ரெண்டாவதை செலக்ட் பண்ணுங்க."

நான்கு நிமிடத்தில் பாயின் எடை திரையில் வந்தது. நர்ஸ் அவரை இயந்திரத்தில் இணைத்தபின் மீண்டும் போனை எடுத்தேன்.

"புதுசுல பன்னிரண்டே திருத்தம்தானேம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"பன்னிரண்டோட அதை விட்டுட்டாங்க சார். ஆளில்லாத வீட்ல யாரு ரிப்பேர் பார்ப்பாங்க?"

அன்று மாலை, எங்கள் கோளாறுக்கான திருத்தத்தை அவர் சொன்ன இணையப் பக்கத்தில் படித்தேன். எங்களுடையதைப் போன்ற டிஸ்க்கில் சர்வர் நின்றுபோவதை யாரோ ஒருவர் கண்டு எழுதியிருந்தார். இன்னொருவர் நான்கே வரியில் அதைச் சரிசெய்திருந்தார். மூன்றாமவர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, சரி என்று தன் பெயரைப் போட்டிருந்தார். மூன்றும் மூன்று தேசத்துப் பெயர்கள். அந்த நான்கு வரிகள் பழைய பதிப்பில் எப்போதோ சேர்க்கப்பட்டிருந்தன. நான் தேர்ந்தெடுத்ததில் சேர்க்க ஆள் இல்லை. பக்கத்தைத் தள்ளத் தள்ள அதைப்போல இன்னும் இன்னும் குறிப்புகள், பெயர்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உறையூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத மூன்று பேர், பாய்க்கு மூச்சு வாங்குவதற்குப் பல மாதம் முன்பே அவருக்கான வேலையை முடித்து வைத்திருந்தார்கள் என்று நினைக்கும்போது, இன்றும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.